டீச்சரைக் கேளுங்கள்: இருபது வயதுக்குள் ஓர் உலகப் போட்டி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெங்களூரில் முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். வீடு அல்சூரில். ஓய்வு பெற்ற பிறகும் கண்டீரவா ஸ்டேடியத்தில் மீட் என்றால் நீளம் தாண்டும் குழிக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இது என்ன போட்டி டீச்சர்? ஒலிம்பிக் தெரியும், ஆசியப் போட்டி தெரியும். என் மருமகள் "வேர்ல்ட் அண்டர் ட்வென்ட்டி" என்று தினமும் சொல்கிறாள். அவள் மகள் ஈட்டி எறிகிறாள்.
– ஒரு பாட்டி, காக்ஸ் டவுன்

வணக்கம் அம்மா. 1986-ல் கிரீஸ் நாட்டின் ஏதென்ஸில் முதன்முதலாக நடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். முன்பு "வேர்ல்ட் ஜூனியர்" என்றுதான் பெயர், இப்போது வயதையே பெயராக வைத்துவிட்டார்கள். கோவிட் காரணமாக 2020 போட்டி ஒரு வருஷம் தள்ளிப்போய் 2021-ல் நைரோபியில் நடந்தது. பிறகு 2022-ல் கொலம்பியாவின் காலி, 2024-ல் பெருவின் லிமா. 2026-க்கு அமெரிக்காவின் யூஜீன் நகரம், ஆகஸ்ட் 5 முதல் 9 வரை. ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர்தான் களத்தில் இறங்க முடியும்.

இங்கே ஜெயித்துவிட்டுப் பிறகு உலகையே ஆண்டவர்கள் நிறையப் பேர். எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசிலாசி 1992-ல் சியோலில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். கம்பு ஊன்றித் தாண்டும் இசின்பயேவா 1998-லும், 800 மீட்டர் ருடிஷா 2006-லும் இங்கிருந்து கிளம்பியவர்கள்தான். நம் ஊர் நீரஜ் சோப்ரா 2016-ல். அவரைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வியே இருக்கிறது.

பேத்தியிடம் சொல்லுங்கள், பெண்களுக்கான ஈட்டி 600 கிராம். பெரியவர்கள் எறியும் அதே ஈட்டிதான், வயதுக்கென்று எடையில் சலுகை கிடையாது.

என் பையன் 800 மீட்டர் ஓடுகிறான். பிறந்தது 2006 டிசம்பர் 27. ஐந்து நாள் கழித்துப் பிறந்திருந்தால் 2026 உலகப் போட்டிக்குத் தகுதி உண்டு என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், பிறப்புச் சான்றிதழைச் "சரி செய்து" தருகிறேன் என்கிறார். நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஐந்து நாள்தானே டீச்சர்?
– ஒரு அப்பா, ஸ்ரீராமபுரம்

ஐயா, "ஐந்து நாள்தானே" என்ற வரியை நான்கு தடவை படித்தேன். உங்கள் மேல் கோபம் வரவில்லை. உங்கள் பையனுக்கு நடந்திருப்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம்தான். அதனால் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போட்டி நடக்கும் வருஷத்தின் டிசம்பர் 31 அன்று இருபது வயது நிறைந்திருக்கக் கூடாது, பதினாறாவது நிறைந்திருக்க வேண்டும். அப்படியென்றால் 2026-க்கு 2007 முதல் 2010 வரை பிறந்தவர்கள். போட்டி ஆகஸ்டில்தானே, அன்றைக்கு என் மகனுக்குப் பத்தொன்பதுதானே என்று கேட்பீர்கள். செல்லாது. டிசம்பர் 31-தான் கணக்கு.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் இதில் இருக்கிறது. போட்டி இரட்டைப்படை வருஷங்களில் வருகிறது. அதனால் ஒற்றைப்படை வருஷத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பத்தொன்பதாவது வயதில், உடம்பு நன்றாகத் திரண்ட சமயத்தில், ஒரு வாய்ப்பு கிடைக்கும். இரட்டைப்படையில் பிறந்தவர்களுக்குப் பதினெட்டோடு முடிந்துவிடும். உங்கள் பையனுடைய கடைசி உலகப் போட்டி 2024 லிமா. அது போய்விட்டது. இது அவன் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை.

ஆனால் அந்தச் சான்றிதழைத் தொடாதீர்கள். ஏன் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பெண் இருந்தாள். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 200 மீட்டர். மர்ஃபி டவுனிலிருந்து விடியற்காலை நடந்தே வருவாள். ஒரு மாநில மீட்டில் அவளுக்குப் பக்கத்து லேனில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெண்ணுக்குப் பதினேழாவது இருக்கும். கணுக்காலைப் பார்த்தாலே, ஸ்டார்ட்டிங் பிளாக்கில் காலை வைக்கிற பழக்கத்தைப் பார்த்தாலே தெரியும், அது நான்கைந்து வருஷம் ஓடிய கால். என் குழந்தை இரண்டாவதாக வந்தாள். நான் போய்ப் புகார் சொன்னேன். "எழுத்தில் கொடுங்கள், பணம் கட்டுங்கள், சான்றிதழில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், பணமும் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு ஒருவரைத்தான் அழைத்தார்கள். என் பெண் அந்த வருஷத்தோடு ஓடுவதை விட்டுவிட்டாள். "அவளோட என்னால ஓட முடியாது டீச்சர், நான் ஸ்லோ" என்றாள். அவள் ஸ்லோ இல்லை. அவள் வயதுக்கு இந்த ஊரிலேயே வேகமான கால் அது. இன்றைக்கும் சோமேஸ்வரர் கோயில் பக்கம் அவளைப் பார்ப்பேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அந்த 200 மீட்டரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

உங்கள் பையனுக்கு ஐந்து நாள். ஆனால் அவன் போய் நிற்கிற லேனில் நியாயமாக நிற்க வேண்டிய பிள்ளை ஒன்று வீட்டில் உட்கார்ந்திருக்கும். அதுவும் போக, சின்ன வயதுப் பிரிவுகளில் இப்போது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பழைய மீட்டுகளின் பதிவு என்று எல்லாவற்றையும் ஒப்பிடுகிறார்கள். பத்து வயதில் அவன் ஓடிய மீட்டில் 2006 என்று எழுதியிருப்பார்களே! மாட்டினால் தடை அவனுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

இருபது வயதில் 800 மீட்டர் முடிந்துபோகிற போட்டியும் இல்லை. அது இருபத்திரண்டு, இருபத்து மூன்றில் பழுக்கிற ஓட்டம். இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்டோர் தேசியப் போட்டி இருக்கிறது, பல்கலைக்கழக மீட்டுகள் இருக்கின்றன. அவனை அங்கே கூட்டிப் போங்கள். அந்தத் தெரிந்தவரின் போன் நம்பரை அழித்துவிடுங்கள்.

நைரோபியில் நீளம் தாண்டலில் ஷைலி சிங் ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கத்தை விட்டதாகப் படித்தேன். ஒரு சென்டிமீட்டரை மணலில் அவ்வளவு துல்லியமாக அளக்க முடியுமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.
– இன்ஜினியரிங் மாணவி, கே.ஆர்.புரம்

அளக்கலாம் கண்ணு. நான் அளந்துகொண்டுதானே இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் நைரோபி. ஷைலிக்குப் பதினேழு வயது. ஜான்சியில் பிறந்த பெண், பயிற்சி முழுக்க நம் பெங்களூரில், அஞ்சு பாபி ஜார்ஜின் கணவர் பாபி ஜார்ஜிடம். அஞ்சு யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2003-ல் பாரீஸில் பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கியவர். ஷைலி மூன்றாவது தாண்டலில் 6.59. முதலிடம். அடுத்த சுற்றில் ஸ்வீடனின் மாயா ஆஸ்காக் 6.60 தாண்டிவிட்டார். அப்படியே முடிந்தது.

இப்போது அளவு. காலை ஊன்றி எழும்புகிற கட்டையின் அகலம் 20 சென்டிமீட்டர். குழிப் பக்கம் இருக்கிற ஓரம்தான் கோடு. காலின் எந்தப் பகுதியாவது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஃபவுல், சிவப்புக் கொடி. கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னாலேயே எழும்பினால் அந்தப் பத்தும் உனக்கு நஷ்டம். யாரும் திருப்பித் தர மாட்டார்கள், ஏனென்றால் அளவு கோட்டிலிருந்துதான் தொடங்கும், உன் காலிலிருந்து இல்லை. ஆகவே அதிகத் தூரம் பறந்தவர் தோற்றுப்போவது உண்டு.

மணலில் எந்த இடம்? கோட்டுக்கு மிக அருகில், உடம்பில் எது பட்டுத் தடம் விழுந்ததோ அந்த இடம். குதிகால் 6.40-ல் விழுந்து, பின்னால் சாய்ந்து கை 6.10-ல் ஊன்றினால் உனக்கு 6.10. உடம்பு மட்டும் இல்லை, உடம்போடு ஒட்டியிருப்பது பட்டாலும் கணக்குதான். நம் பெண்கள் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள், நான் குழியில் இறங்கும் முன்பே அதைச் சுருட்டிக் கொண்டை போடச் சொல்லிவிடுவேன். ஒரு பள்ளி மீட்டில் ரெட்டைப் பின்னல் ரிப்பனோடு ஒரு குழந்தை தாண்டினாள். உட்கார்ந்தபடி விழுந்தவளின் ரிப்பன் முனை, இடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, மணலில் வாழைநார் போல மெல்லிசாக ஒரு கோடு போட்டிருந்தது. நான் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற நடுவரும் பார்த்தார். அந்தக் கோட்டிலிருந்துதான் அளந்தோம். குழந்தை அழுதாள். அடுத்த தாண்டலுக்கு முன் நானே அவள் தலையைக் கட்டிவிட்டேன்.

டேப்பைக் கட்டையின் கோட்டுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் அளவு கூடிவிடும். சென்டிமீட்டருக்குக் கீழே வருகிற மில்லிமீட்டர்களை விட்டுவிட வேண்டும், மேலே தூக்கிப் போடக் கூடாது. 6.599 என்றாலும் எழுதுவது 6.59. இதை யோசித்துப் பார். காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றிருக்கும் இடத்தில் மணலில் ஒரு மில்லிமீட்டர்தான் இருந்திருக்கலாம், கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டரும் இருந்திருக்கலாம். பெரிய போட்டிகளில் டேப்புக்குப் பதில் கேமராவும் லேசரும் வந்துவிட்டன. ஆனால் விதி அதேதான்.

ஷைலி அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் இதே கண்டீரவாவில் 6.76 தாண்டினார். அன்று நான் காலரியில் இருந்தேன். மணலிலிருந்து எழுந்தவர் தூரப் பலகையைத் திரும்பிப் பார்த்தார், பலகையில் எண் வந்ததும் எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்றது. எனக்கு முன்னால் இருந்த சிறுமி தன் அப்பாவின் தோளில் ஏறி நின்று கத்தினாள்.

நீரஜ் சோப்ரா ஜூனியரில் உலக சாதனை செய்தும் ரியோ ஒலிம்பிக்குக்கு ஏன் போகவில்லை? எங்கள் கோச் "இருபது வயதுக்குள் வரவில்லை என்றால் அவ்வளவுதான்" என்கிறார்.
– ஈட்டி எறிபவன், ஹெப்பால்

தம்பி, காரணம் தேதிதான். போலந்தின் பித்கோஷ்சில் நீரஜ் 86.48 மீட்டர் எறிந்தது 2016 ஜூலை 23-ம் தேதி. ரியோவுக்குத் தேவை 83 மீட்டர். ஆனால் தகுதி பெறுவதற்கான கடைசி நாள் ஜூலை 11. பன்னிரண்டு நாள். அவ்வளவு தூரம் எறிந்துவிட்டு அந்தப் பையன் ஒலிம்பிக்கை டி.வி.யில் பார்த்தான். ஐந்து வருஷம் கழித்து, 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோவில் 87.58, தங்கம்.

இன்னொன்று கவனி. 2025 ஜூலை 5 அன்று நம் கண்டீரவாவில் அவர் பெயரிலேயே நடந்த போட்டியில் நீரஜ் ஜெயித்த தூரம் 86.18. பதினெட்டு வயதில் எறிந்ததைவிடக் குறைவு. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தோஹாவில் 90.23 எறிந்திருந்தார். ஒரே கை, ஒரே ஈட்டி, நாளுக்கு நாள் மாறும். எண்ணை வைத்து ஒருவனுக்கு முடிவு கட்டுகிறவர் நல்ல கோச் இல்லை என்று உன் கோச்சிடம் நீ சொல்ல முடியாது, தெரியும். நான் சொல்கிறேன், இந்தப் பக்கத்தை அவர் படிக்கட்டும்.

ஜூனியரில் குண்டு எறிதலில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தவன், பெரியவர்கள் பிரிவுக்குப் போனதும் மூன்று மீட்டர் குறைந்துவிட்டான். உடம்பில் ஏதாவது கோளாறா?
– ஒரு அண்ணன், சிவாஜிநகர்

கோளாறு இல்லை. இருபது வயதுக்குக் கீழ் ஆண்களுக்கு 6 கிலோ குண்டு, பெரியவர்களுக்கு 7.26 கிலோ. வட்டுக்கும் அப்படித்தான், 1.75 கிலோவிலிருந்து 2 கிலோ. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையே உயர்ந்துவிடும். கனமான குண்டுக்குப் பழக இரண்டு வருஷம் பொறுங்கள். அவசரப்பட்டு எடை தூக்க வைத்து முதுகைக் கெடுத்துவிடாதீர்கள்.

மீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் என் மகளுக்கு ஜலதோஷம். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை கொடுக்கலாமா? ஊக்கமருந்து என்று பயமுறுத்துகிறார்கள். சாதாரண சளி மாத்திரைதானே?
– ஒரு அம்மா, வைட்ஃபீல்டு

கேட்டீர்களே, அதற்கே நன்றி. கேட்காமல் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

சீமா அன்டில் என்று ஒரு வட்டு எறிகிற பெண், ஹரியானா. 2000-ல் சிலியின் சான்டியாகோவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தங்கம் வாங்கினார். வயது பதினேழு. சோதனையில் சூடோஎபெட்ரின் இருந்தது. சளி, மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் இருக்கிற மருந்துதான். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மறுபடி வந்து வெண்கலம் வாங்கினார். 2014-ல் இன்ச்சியோன் ஆசியப் போட்டியில் தங்கம். அந்தப் பெண்ணின் மன உறுதியை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித் திரும்பி வர முடியாது அம்மா.

சூடோஎபெட்ரின் ஒரு அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் போட்டி நாளில் இப்போதும் குற்றம்தான். "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது எடுபடாது, உடம்பில் இருந்தால் அதற்குப் பொறுப்பு ஓடுகிறவள்தான். ஆகவே டாக்டரிடம் போகும்போது முதல் வாக்கியமே "இவள் தடகள வீராங்கனை, ஊக்கமருந்துச் சோதனை உண்டு" என்பதாக இருக்கட்டும். ஊக்கமருந்தைத் தடுக்கும் தேசிய அமைப்பான நாடாவின் "நோ யுவர் மெடிசின்" செயலியில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள். ஜிம்மில் விற்கிற பவுடர், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த லேகியம் எதுவும் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது. இரண்டு நாள் சளிக்கு ஆவி பிடித்து, மிளகு ரசம் குடித்து, படுத்துத் தூங்கட்டும்.

ஸ்டார்ட்டில் போய் நின்றால் கை கால் உதறுகிறது. வாந்தி வருகிறது. பெரிய வீரர்களுக்கெல்லாம் இப்படி வருமா டீச்சர்?
– பதினாறு வயது, அல்சூர்

வரும்டா. 2002 கிங்ஸ்டன் போட்டியில் உசேன் போல்ட்டுக்கு உன்னைவிடச் சின்ன வயது, பதினைந்து. சொந்த நாடு, முப்பதாயிரம் தொண்டைகள் அவன் பெயரைக் கத்துகின்றன. பதற்றத்தில் ஸ்பைக்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். வலது காலுக்கு இடது ஷூ. அப்புறம் சரியாக மாட்டிக்கொண்டு போய் 200 மீட்டரை 20.61 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்.

நீ செய்ய வேண்டியது: ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடித்துவிடு. இட்லி, வாழைப்பழம் போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஓட்டத்துக்கு முன் எல்லோரையும் கூப்பிட்டு வைக்கிற "கால் ரூம்" (call room) என்கிற இடத்தில் இருபது நிமிஷம் சும்மா உட்கார வைப்பார்கள், அங்கேதான் உதறல் ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஷூ லேஸை அவிழ்த்து மெதுவாகத் திரும்பக் கட்டு. கைக்கு வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் அடங்கும். சனிக்கிழமை காலை ஏரிக்கரைப் பக்கம் நடக்க வருவேன், உன்னைப் பார்த்தால் பேசுகிறேன்.

ஹிமா தாஸ் போன்றவர்கள் ஜூனியரில் ஜெயித்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், ஃப்ரேசர் டவுன்

"காணாமல் போய்" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை சார். 2018 ஜூலை 12, ஃபின்லாந்தின் தம்பெரே. 400 மீட்டரின் கடைசி வளைவு முடியும்போது ஹிமா முதலிடத்தில் இல்லை. நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகத் தாண்டி 51.46 விநாடியில் வந்தார். ஓடுபாதையில் இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் முதல் தங்கம். அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 50.79 ஓடி வெள்ளி, ரிலேயில் தங்கம். அடுத்த வருஷம் முதுகுக் காயம். பத்தொன்பது வயதுப் பெண்ணின் முதுகு அது. அவரைக் குறை சொல்லும் முன் அந்த ஒரு வருஷத்தில் எத்தனை சுற்று ஓடியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

2022 காலியில் மீரட்டுப் பெண் ரூபல் சௌத்ரி மூன்று நாளில் நான்கு தடவை 400 மீட்டர் ஓடினார். கலப்பு ரிலேயில் வெள்ளி, தனியாக வெண்கலம். பரத் ஸ்ரீதர், பிரியா மோகன், கபில் ஆகியோரோடு அந்த ரிலே 3 நிமிடம் 17.76 விநாடி. அதே போட்டியில் மதுரைப் பக்கத்துப் பையன் செல்வபிரபு திருமாறன் மும்முறைத் தாண்டலில் 16.15 மீட்டர், வெள்ளி. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உலகப் போட்டியில் நான்கு தடவை ஓடுவதற்குப் பின்னால் வருஷக்கணக்கான தயாரிப்பும் டாக்டரும் பிசியோவும் இருப்பார்கள். நம் பள்ளி மீட்டுகளில் பன்னிரண்டு வயதுக் குழந்தையை ஒரே நாளில் 100, 200, நீளம் தாண்டல், ரிலே ஹீட்ஸ், ரிலே ஃபைனல் என்று ஓட வைக்கிறோம். பள்ளிக்குக் கோப்பை வேண்டும் என்று. நானும் அதைச் செய்தேன், வேலைக்குச் சேர்ந்த முதல் நான்கு வருஷம். மதியம் நிழலில் சுருண்டு படுத்த ஒரு குழந்தையின் கெண்டைக்கால் தசை தானாகத் துடித்ததைப் பார்த்த நாளோடு நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கு இரண்டு போட்டிதான் என்று வைத்தேன். எங்கள் பள்ளிக்கு அப்புறம் கோப்பை வரவில்லை. தலைமை ஆசிரியை என்னோடு ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை.

ஆகவே, சார், காரணம் கேட்டீர்களே, பாதி காரணம் எங்களிடம்தான் இருக்கிறது. பதினாறில் பிழிந்து எடுத்துவிட்டால் இருபத்து மூன்றில் என்ன மிஞ்சும்?

எனக்குப் பதினேழு வயது. 400 மீட்டர். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. எடை குறைத்ததிலிருந்து வேகம் கூடியிருக்கிறது. கோச், "அது நல்ல அறிகுறி, பயிற்சி சரியாகப் போகிறது என்று அர்த்தம்" என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. காலின் முன் எலும்பில் ஒரு இடத்தில் மட்டும் அழுத்தினால் வலிக்கிறது. செலக்‌ஷன் மீட் வருகிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், விவேக்நகர்

கண்ணு, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். கடைசியில் வைத்திருப்பது நிதானமாக எழுத வேண்டும் என்பதற்காக.

அது நல்ல அறிகுறி இல்லை. இதை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள். உன் கோச் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எங்கள் காலத்திலும் அதையே சொன்னார்கள். தப்பு.

நீ ஓடுவதற்குச் செலவாகும் சக்தி ஒரு பக்கம், சாப்பிடுவது இன்னொரு பக்கம். சாப்பாடு குறைந்துகொண்டே போனால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். எதை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தில்லையோ அதை முதலில் நிறுத்தும். மாதவிடாய் அப்படி நின்றதாக இருக்கலாம். அது நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறையும், அது குறைந்தால் எலும்பு பலம் சேர்க்காது. உன் வயதில்தான் எலும்பு தன் வாழ்நாள் சேமிப்பைப் போடுகிறது. முன் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்கிறாயே, அது மயிரிழை போன்ற விரிசலாக இருக்கலாம். அதன் மேல் ஓடினால் முழுசாக முறியும். வேகம் கூடியது உண்மைதான், எடை குறைந்த முதல் சில மாதம் கூடும். அப்புறம் இறங்கும்.

மூன்று மாதம் வராவிட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். உனக்கு நான்கு ஆகிவிட்டது. இன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொல். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடு, "இது நான்தான்" என்று மட்டும் சொன்னால் போதும். பெண் டாக்டரிடம் போங்கள். வேறு காரணமும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரியும். எலும்புக்குத் தனியாக எலும்பு டாக்டர். ஆரம்ப விரிசல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை ஓடாதே. நடக்கலாம், வலி இல்லை என்றால் நீந்தலாம்.

சாப்பாடு. உங்கள் வீட்டில் ராகி முத்தை (கேழ்வரகுக் களி) செய்வார்கள் என்றால் அதைவிட நல்லது இல்லை. கூடவே கீரைக் குழம்பு. முட்டை சாப்பிடுவாய் என்றால் தினம் இரண்டு. பயிற்சி முடிந்து அரை மணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். ஒரு டம்ளர் பால், ஒரு கை வேர்க்கடலை, வெல்லம். பஸ்ஸில் திரும்பும்போது சாப்பிட டிபன் டப்பாவில் எடுத்துப் போ. சோற்றைக் குறைக்காதே.

செலக்‌ஷன் மீட்டைப் பற்றிக் கேட்டாய். உனக்குப் பதினேழு, இன்னும் மீட் வரும். இந்த மீட்டுக்கு நீ போகக் கூடாது என்று நான் சொல்வது உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். காலையில் மற்றவர்கள் ஸ்பைக்ஸ் மாட்டும்போது நீ வேலிக்கு வெளியே நிற்பது கொடுமைதான். அன்றைக்குப் போகாதே, வீட்டிலேயே இரு, அம்மாவோடு இரு.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது. பெயர் வேண்டாம். "விவேக்நகர், 400 மீட்டர்" என்று மட்டும் போடு, புரிந்துகொள்வேன்.